ஆறு பிறக்கும் மேட்டில் இரண்டு இரவுகள்

எமது வளவுக் கிணற்றின் ஆழம் இருபத்தெட்டு அடி. எம் பாட்டனார் காலத்தில் சுண்ணக்கல்லைப் பிளந்து வெட்டியது. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தையும், மண்ணெண்ணெய் இயந்திரம் இரைந்த காலத்தையும், ஆழியைத் தட்டியதும் மின்சாரத்தால் நீர் மேலேறும் இக்காலத்தையும் கண்ட கிணறு அது. அதன் நீரை நல்ல தண்ணீர் என்று அயலவரும் குடம் கொண்டுவந்து அள்ளிச் செல்வர். 2018ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள் காலை, தேநீரை ஒரு மிடறு அருந்திய எமது துணைவியார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இஞ்சாருங்கோ, தண்ணி சவராய்க் கிடக்கெல்லே?" என்றார். நாமும் சுவைத்துப் பார்த்தோம். அவர் கூறியது மெய்யே.

கிணறு சவரானதற்கும், அறுபதைக் கடந்த கணவனும் மனைவியும் கூடாரம் சுமந்து மலைக்குச் சென்றதற்கும் யாது தொடர்பு என வாசகர் வினவலாம். தொடர்பு துணைவியாரின் தந்தையாரால் வந்தது.

அவர் 1950களிலும் 60களிலும் மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் நிலைய அதிபராக உத்தியோகம் பார்த்தவர். யாழ்ப்பாணத்தார் பலரைப் போலவே குடும்பத்தை ஊரில் வைத்துவிட்டு, லீவு கிடைக்கும்போது மட்டும் வந்து போவார். வந்தால் முதலில் கிணற்றடிக்கே போவார். துலாவில் நீர் அள்ளியபடியே, "பிள்ளை, இஞ்சை நாங்கள் தண்ணியைத் தேடிப் போறம். அங்கை மலையிலை அது தானா வருகுது. ஆறு பிறக்கிற இடத்தை உனக்கு ஒருநாள் காட்டுவன்" என்பாராம். அவர் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். பின்னர் போர் வந்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை வந்தடைந்த 2014ஆம் ஆண்டில், அதில் ஏறுவதற்கு அவர் இல்லை. வாக்கு மட்டும் எஞ்சியிருந்தது.

சவர்த் தேநீர் குடித்த அன்று மாலை துணைவியார், "ஐயா சொன்ன இடத்தை ஒருக்காப் பாத்திட்டு வருவமோ?" என்று கேட்டார். மறுப்பதற்கு எமக்கு நா எழவில்லை.

தந்தையார் குறிப்பிட்ட இடம் ஹோட்டன் சமவெளி. சிங்கள மக்கள் அதனை மகா எலிய என்பர். 1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் அதற்குச் சூட்டினர். 1969இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் அது பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் சிவனொளிபாத மலைக் காட்டுடனும் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சேர்த்து, மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 3,160 ஹெக்டேயர். பெயர் சமவெளியாயினும், கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் மிதக்கும் மேட்டுநிலம் அது.

புகையிரதத்தில்

2019ஆம் ஆண்டு மாசி மாதத்தில் புறப்பட்டோம். தை, மாசி, பங்குனியே அம்மேட்டில் மழை குறைந்து வானம் தெளியும் காலம். கூடாரமிட வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தோம். இரவு வண்டியில் கொழும்புக் கோட்டை சேர்ந்து, காலையில் பதுளை செல்லும் வண்டியில் ஏறினோம். நாவலப்பிட்டிக்குப் பின் பாதை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியது. சிறிய நிலையமொன்றில் வண்டி மெல்ல ஊர்ந்தபோது, நிலைய ஊழியர் ஒருவர் பெரிய வளையமொன்றைச் சாரதியிடம் நீட்ட, அவர் தம்மிடமிருந்த வளையத்தைக் கொடுத்து அதனைப் பெற்றுக்கொண்டார். ஒற்றைப் பாதையில் ஒரே நேரத்தில் ஒரு வண்டியே செல்வதற்கான அனுமதித் தகடு அவ்வளையத்தின் பையில் இருக்கும். துணைவியார் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அவ்வூழியர் கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயாவின்ரை கையிலும் உது இருந்திருக்கும்" என்றார். பின்னர் நெடுநேரம் பேசவில்லை.

பட்டிப்பொல இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையம். ஏறக்குறைய 1,890 மீற்றர் உயரம். இறங்கியவுடனேயே குளிர் எம் எலும்பைத் தொட்டது. அன்றிரவு அவ்வூரிலே தங்கி, மறுநாள் இருள் பிரியுமுன் வான் ஒன்றில் மேட்டை நோக்கிப் புறப்பட்டோம். சாரதி தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர். "அம்மா, ராத்திரிக்குக் குளிரு தாங்காதுங்க. கம்பளி கொண்டாந்தீங்களா?" என்று இருமுறை கேட்டார். இல்லையென்றால் தம்முடையதைத் தந்துவிடுவார் போலிருந்தது.

பூங்கா வாயிலில் பொதிகளைப் பரிசோதித்தனர். மேட்டினுள் பொலித்தீன் கொண்டுபோதல் ஆகாது. எமது எள்ளுருண்டை, பனங்கட்டி, புழுக்கொடியல் யாவும் பொலித்தீன் பைகளிலிருந்து விடுதலை பெற்றுப் பழைய பத்திரிகைத் தாள்களுக்குள் குடிபுகுந்தன. புழுக்கொடியலைக் கண்ட இளம் சிங்கள உத்தியோகத்தர் விறகோ என்று ஐயுற்றார். சாரதி விளக்க, அவர் ஒன்றை வாங்கிக் கடித்தார். 'படக்'கென்று கேட்டது. பல்லோ ஒடியலோ என்று நாம் கலங்கினோம். ஒடியல்தான். அவர் சிரித்துக்கொண்டே எம்மை உள்ளே விட்டார்.

உலக முடிவு

சமவெளியில் முதலில் கண்ணிற் படுவது புல். அலையலையாய் விரியும் புல்வெளியின் பள்ளங்களில் குள்ள மூங்கில் சூழ்ந்த ஓடைகள். மேடுகளில் முறுகிய கிளைகளையுடைய குட்டை மரக்காடுகள். புல்நுனிகளில் உறைபனி வெள்ளை பூசியிருந்தது. மரைகள் சில ஆடுமாடுகளைப் போல் அச்சமின்றி மேய்ந்துகொண்டிருந்தன.

பார்வையாளர் நிலையத்திலிருந்து உலக முடிவுக்குச் சென்று சுற்றித் திரும்பும் பாதை ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர். காலை பத்து மணிக்குப் பின் பெரும்பாலும் மூடுபனி ஏறிவிடும் என்பதால் விரைந்து நடந்தோம். காட்டுப் பாதை திடீரென முடிந்தது. முன்னே நிலம் இல்லை. ஏறக்குறைய 870 மீற்றர் செங்குத்தான வீழ்ச்சி. கீழே தேயிலைத் தோட்டமும் லயன் வீடுகளும் தீப்பெட்டிகளாய்த் தெரிந்தன. அவற்றுக்கப்பால் நீர்த்தேக்கமொன்று வெயிலில் மினுங்கியது. மட்டமான நிலத்தில் பிறந்து, பனையின் உயரமே உயரமென்று வாழ்ந்த எமக்கு உள்ளங்கால் கூசியது. ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு நின்றோம். நாலுபேர் முன்னிலையில் நாம் கைகோத்தது எம் திருமண நாளுக்குப் பின் அன்றே எனலாம்.

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுவரெலியாவில் வாழ்ந்த வேட்டைக்காரரும் நாடாய்வாளருமான சாமுவேல் பேக்கரின் பெயரைத் தாங்கியது. அங்கே விழுவது பெலிகுல் ஓயா. அது வளவை கங்கையோடு கலந்து தென்கடலை அடைகிறது. இம்மேட்டிலிருந்து வழியும் நீர் மூன்று பேராறுகளுக்குப் போகிறது. ஒரு பகுதி வளவைக்கு. இன்னொரு பகுதி களனிக்கு. கொழும்பிலுள்ள எம் உறவினர் குடிப்பதும் களனி நீரே. மற்றொரு பகுதி மகாவலிக்கு; 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலப்பது அது. மூன்றில் ஒன்றேனும் எம் குடாநாட்டை எட்டியும் பார்ப்பதில்லை.

மாசி மாதத்தில் மழையில்லை. பெருங்குளம் எதுவும் மேலே இல்லை. எனின் இத்தனை நீர் எங்கிருந்து வருகிறது? விடை காட்டுக்குள் இருந்தது. ஒவ்வொரு மரத்தின் அடிமுதல் நுனிவரை பாசி போர்த்தியிருந்தது. வீழ்ந்து கிடந்த மரமொன்றன் பாசிமீது துணைவியார் உள்ளங்கையை மெல்ல அழுத்தினார். விரலிடுக்குகளில் நீர் பொங்கியது. கையை எடுத்ததும் பாசி அந்நீரை மீண்டும் உறிஞ்சிக்கொண்டது. மழை பெய்யாத நாளிலும் மேகம் இக்காட்டினூடே தவழ்ந்து செல்கிறது. இலையும் பாசியும் அம்மேகத்தைத் துளிதுளியாகப் பிடித்து நிலத்துக்கு இறக்குகின்றன. கீழேயுள்ள கரிய மண் அதனைக் குடித்து வைத்திருந்து சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகிறது. காடு இங்கே சேமிப்பு வங்கி. ஓடை அதன் வட்டி.

தாவரவியல் அறிஞர் சேர் ஜோசப் ஹூக்கர் இதனை அன்றே அறிந்திருந்தார். 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாது விடுமாறு 1873இல் அவர் அரசுக்கு ஆலோசனை கூறினார். அதற்கிணங்கக் கட்டளையும் பிறந்தது. கோப்பிக்கும் தேயிலைக்குமாக மலையெல்லாம் மொட்டையாகிக்கொண்டிருந்த காலத்தில் இம்மேடு தப்பிப் பிழைத்தமைக்கு அக்கட்டளை பேருதவி புரிந்தது. ஆயினும் முதல் சேமிப்புக்கு இன்று வேறுவகையில் ஊறு நேர்ந்துள்ளது. வழியெங்கும் நுனியிலிருந்து பட்டுப்போன மரங்கள் வெள்ளெலும்புபோல் நின்றன. பல்லாண்டுகளாகத் தொடரும் இந்நோய்க்கு மண்ணின் தன்மை, வரட்சி, காற்று மாசு எனப் பலவற்றை ஆய்வாளர் காரணம் காட்டுகின்றனர். ஒருமித்த முடிவு ஏற்படவில்லை.

கூடாரத்தில்

மாலை ஐந்து மணிக்கெல்லாம் மூடுபனி வந்து கூடாரத்தைச் சூழ்ந்துகொண்டது. சிற்றுண்டிச்சாலையில் நிரப்பிய சுடுநீர்ப் போத்தலும் எள்ளுருண்டையுமே எமது இராப்போசனம். உணவைக் கூடாரத்துள் வைத்தால் காட்டுப்பன்றி தேடி வரும் என்று எச்சரித்திருந்தனர். ஆதலால் எஞ்சியதைக் காவலரிடம் ஒப்படைத்தோம். கொண்டுசென்ற உடுப்பு அத்தனையையும் ஒன்றன்மேலொன்றாய் அணிந்தும் குளிர் அடங்கவில்லை. நள்ளிரவில் மரையொன்று தொண்டை கிழியக் கத்தியது. சிறுத்தை உலாவும் இடமென்று வாசித்திருந்தோம். வாசிக்காமல் இருந்திருக்கலாம் என்று அப்பொழுது தோன்றிற்று.

துணைவியாரும் உறங்கவில்லை. "இஞ்சாருங்கோ, ஆரோ கிணத்திலை தண்ணி அள்ளுறமாதிரிக் கேக்குதெல்லே?" என்று மெதுவாகக் கேட்டார். செவிசாய்த்தோம். அண்மையிலுள்ள ஓடை கல்லிடுக்கில் விழும் ஒலி. வாளி நீரில் அமிழ்ந்து எழுவது போலவே இருந்தது. அள்ளுவார் யாருமின்றி இரவு முழுவதும் அள்ளிக்கொண்டேயிருந்தது. அவ்வொலியைக் கேட்டபடியே நாம் எப்பொழுதோ கண்ணயர்ந்தோம்.

தொடாத உச்சி

மறுநாள் கிரிகல்பொத்தை மலையை நோக்கி நடந்தோம். ஏறக்குறைய 2,390 மீற்றர் உயரமுள்ள இதுவே இலங்கையின் இரண்டாவது உயர்ந்த மலை. போக ஏழு, வர ஏழு கிலோமீற்றர். வழிகாட்டியாகத் திணைக்கள உதவியாளர் ஒருவர் முன்னே சென்றார். புல்வெளி, சேறு, ஓடை, வேர்கள் பின்னிய காடு என்று பாதை மாறிமாறிச் சென்றது. மூன்று மணிநேரம் நடந்தபின், கரிய சேற்றில் துணைவியாரின் கால் வழுக்கியது. முழங்கால் பிசகிவிட்டது. அவ்வேளை பார்த்து மூடுபனியும் இறங்கியது. உச்சிக்கு இன்னும் ஒரு கிலோமீற்றரளவில் இருந்தது.

எம்முள் ஆண்பாலாருக்குத் திரும்ப மனமில்லை. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு செலவழித்து, உச்சியைத் தொடாமல் ஊருக்குப் போய் என்ன சொல்வது என்ற எண்ணம் முகத்திலே தெரிந்திருக்க வேண்டும். "நீங்கள் போட்டு வாங்கோ. நான் இதிலை இருக்கிறன்" என்றார் துணைவியார். குரலில் கோபமில்லை, அதுவே சுட்டது. வழிகாட்டி எதுவும் கூறாமல் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தந்தையார் தம் மகளுக்குக் காட்டுவதாகச் சொன்னது உச்சியையன்று என்பது அப்பொழுதுதான் எமக்கு உறைத்தது. தோற்பையைக் கீழே வைத்துவிட்டு அவரருகே அமர்ந்தோம்.

அமர்ந்ததால்தான் அதனைக் கண்டோம். பாசி படர்ந்த வேரொன்றன் அடியில் மண் ஈரமாய் மினுங்கியது. அவ்வீரம் ஓரிடத்தில் திரண்டு, உள்ளங்கையளவு குழியை நிரப்பி, நூல்போல வழிந்து, சருகொன்றை மெல்ல அசைத்துக்கொண்டு இறங்கியது. ஓசையேயில்லை. அது எந்த ஆற்றுக்குப் போகிறதோ நாம் கேட்கவில்லை. துணைவியார் விரல் நுனியில் ஒரு துளி எடுத்து நாவில் வைத்தார். கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "சவரில்லை. ஆனால் சப்பெண்டு கிடக்கு. எங்கடை கிணத்துத் தண்ணியின்ரை ருசி இல்லை" என்றார். எமக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. சுண்ணக்கல்லில் ஊறிய நீரைக் குடித்து வளர்ந்த நாவுக்குத் தூய மலைநீர் சுவைக்கவில்லை.

அன்றிரவும் கூடாரத்தில் தங்கி, மறுநாள் முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு, வான் ஒன்றில் ஒகியா நிலையத்துக்கு இறங்கினோம்.

மீண்டும் கிணற்றடியில்

வண்டி வவுனியாவைத் தாண்டி வன்னியின் காட்டுவெளியில் ஓடியபோது எம் பேச்சு முழுவதும் கிணற்றைப் பற்றியே இருந்தது. மலைக்குப் பாசியும் மண்ணும் எப்படியோ, எமக்குச் சுண்ணக்கல் அப்படி. ஆண்டில் பெரும்பகுதி மழையை ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெறும் குடாநாட்டில், அம்மழை கல்லின் துளைகளூடே இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. அதன் கீழே கடல்நீர் இருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்ததாதலால் உவர்நீரின்மேல் மிதக்கிறது. புத்தூர் நிலாவரையில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பது இதனாலேயே. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலார் கணக்கு. அந்த ஓரடியை அளவின்றி இறைத்துவிட்டால் கீழிருந்து உவர் நாற்பதடி ஏறிவிடும். துலா மிதித்தவனுக்குக் கால் வலித்தது, ஆதலால் நிறுத்தினான். இயந்திரத்துக்குக் கால் வலிப்பதில்லை.

எம் முன்னோர் ஊர்தோறும் குளமும் கேணியும் வெட்டி, பக்கத்தில் ஆவுரஞ்சிக்கல் நாட்டி வைத்தது மாடு குடிக்க மட்டுமன்று. மழை நின்று நிதானித்து நிலத்துள் இறங்கவுமே. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை வரைந்தார். ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கிக் குடாநாட்டின் உள்ளே கொண்டுவருவதே அதன் நோக்கம். பல பத்தாண்டுகள் கடந்தும் அது அவர் எண்ணியபடி முழுமை பெறவில்லை. 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. பெருந்திட்டங்கள் வரட்டும், வேண்டியவையே. ஆயினும் எமது வளவில் விழும் மழை எம் பொறுப்பல்லவா?

வளவின் மேற்கு மூலையில் குப்பை நிரம்பிக் கிடந்த சிறு கேணியை அவ்வாண்டு ஆடியில் தூர்வாரினோம். கூரைநீர் தெருவுக்கு ஓடாமல் அதற்குள் விழப் பீலி வைத்தோம். வாழைக்கு மத்தியான வெயிலில் இறைப்பதை நிறுத்தினோம். உரமிட்ட தோட்டங்களிலிருந்து நைத்திரேற்று கிணறுகளில் சேர்வதை ஆய்வுகள் காட்டியிருப்பதால், மூட்டை உரத்தைக் குறைத்து மாட்டெருவுக்குத் திரும்பினோம். அயலவர் இருவர் எம்மைப் பார்த்துத் தம் வளவிலும் அவ்வாறே செய்தனர். சவர் முற்றாக நீங்கியது என்று சொல்லமாட்டோம். ஆவணியில் இன்றும் சிறிது தட்டுகிறது. தையில் தேநீர் நன்றாயிருக்கிறது. ஒரு குடும்பம் ஒரு கேணியால் கடலைத் தள்ளிவிட முடியாது. ஊர் முழுவதும் சேர்ந்தால் ஓரடியேனும் தள்ளலாம்.

அவ்வாண்டு ஐப்பசியில் முதல் பெருமழை ஓரிரவு பெய்தது. விழித்தெழுந்து திண்ணைக்கு வந்தோம். இருளில் பீலிநீர் கேணிக்குள் விழும் ஒலி. கூடாரத்தில் கேட்ட அதே ஒலி. துணைவியார் தூணில் சாய்ந்து நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர், "ஐயா சொன்னமாதிரித் தானா வருகுது" என்றார்.

வாசகர்காள், கால் உறுதியாக இருக்கும்போதே ஒருமுறை அம்மேட்டுக்குச் சென்று வாருங்கள். கம்பளி கொண்டுபோங்கள், பொலித்தீனைக் கொண்டுபோகாதீர்கள். உச்சியைத் தொடாவிட்டாலும் குறையில்லை. திரும்பி வந்ததும் உங்கள் கிணற்றை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.